வீச்சமா வீச்சா? பிரிவு மாற்றலாமா என்று கேட்ட அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

மகளின் தவணைப் பரீட்சை விடைத்தாள் கிடைத்தது. பௌதிகவியலில் புள்ளி குறைவுதான், மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் உயர்தரக் கணிதப் பிரிவை விட்டுக் கலைப் பிரிவுக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்குப் பதில் சொல்வதற்கு முன் அவள் விட்ட ஒரு பிழையைப் பற்றிப் பேசவேண்டும்.

அலையின் உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடையே 8 சென்ரிமீற்றர், வீச்சம் (ஆங்கிலத்தில் அம்பிளிடியூட்) எவ்வளவு என்று ஒரு கேள்வி. பிள்ளை 8 என்று எழுதியிருக்கிறாள். விடை 4. இது தெரியாமல் விட்ட பிழை மாதிரி எனக்குப் படவில்லை. சாதாரண தரம் வரை அவள் படித்த புள்ளிவிபரவியலில் வீச்சு என்றால் மிகப் பெரிய எண்ணிலிருந்து மிகச் சிறியதைக் கழித்து வருவது. அந்தப் பழக்கத்தில் உச்சி முதல் பள்ளம் வரை முழுவதையும் எடுத்துவிட்டாள். பௌதிகவியலில் வீச்சத்தை நடுநிலையிலிருந்து ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் அளப்பார்கள். சொல்லின் முடிவில் சின்ன வித்தியாசம், விடை பாதியாகிவிடுகிறது.

போதாததற்கு, இரவில் தமிழ்நாட்டு வீடியோ பாடங்கள் பார்க்கிறாளாம். அங்கே நம் வீச்சத்துக்கு வீச்சு என்கிறார்கள், ஒரு செக்கனில் எத்தனை அதிர்வு என்று சொல்லும் மீடிறனுக்கு அதிர்வெண். கணிதத்தில் சிக்கலெண் (கொம்பிளெக்ஸ் நம்பர்) பாடத்துக்குப் போனால் ஒரு கோணத்துக்கும் அதே வீச்சு என்ற பெயர். (பழைய ஆங்கிலப் புத்தகங்களும் அந்தக் கோணத்தை அம்பிளிடியூட் என்றுதான் எழுதின. குழப்பத்தை நாம் மட்டும் உண்டாக்கவில்லை.) தமிழ்நாட்டுப் பேச்சில் வீச்சம் என்றால் நாற்றம் வேறு. நாம் மீன் வெடுக்கு என்பதை அவர்கள் மீன் வீச்சம் என்பார்கள். அந்த ஆசிரியர்கள் வீச்சம் என்ற சொல்லைத் தொடாததற்கு இதுதான் காரணமோ என்று எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்.

இனி வீட்டுக்குள் பாருங்கள். வீச்சுவலை, வீச்சு ரொட்டி, கைவீச்சு எல்லாம் அவள் காதில் சின்ன வயதிலிருந்து விழுந்தவை. வலை எறிகிறவருக்கு அது எவ்வளவு தூரம் போய் எவ்வளவு அகலமாக விரிகிறது என்பதுதான் வீச்சு. அம்பிளிடியூட் என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரும் அகலம், தாராளம் என்ற பொருள் தருவதுதான். சாதாரணப் பேச்சில் இந்தச் சொல் தாராளமாகப் புழங்குகிறது. விஞ்ஞானம்தான் எங்கிருந்து எதுவரை அளப்பது என்று கேட்டு அதை இறுக்கிப் பிடிக்கிறது.

அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு துறையும் வேறு வேறு பதில் சொல்லும். கோயில் திருவிழாவில் அம்பிளிஃபயர் வைத்திருப்பவர் சத்தத்தைக் கூட்டும்போது ஒலியலையின் வீச்சம் கூடுகிறது, சுருதி மாறுவதில்லை. அளவுக்கு மேல் திருகினால் அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டுச் சத்தம் கிழியும். வீச்சம் இரண்டு மடங்கானால் அலை கொண்டுபோகும் சக்தி நான்கு மடங்காகும். இந்த ஒரு வரியை அவள் உண்மையாகவே விளங்கிக்கொண்டால் அலைகள் பாடத்தில் பாதிப் பயம் போய்விடும்.

ஆஸ்பத்திரியில் இதயத்தின் மின்துடிப்பைக் கீறும் ஈசிஜி எடுக்கும்போது வழக்கமான அமைப்பில் தாளில் 10 மில்லிமீற்றர் உயரம் ஒரு மில்லிவோல்ட். அங்கேயும் உயரத்தை அடிக்கோட்டிலிருந்துதான் பார்க்கிறார்கள். 1935இல் சார்ள்ஸ் ரிக்டர் கொண்டுவந்த நிலநடுக்க அளவும் நடுக்கமானி கீறிய கோட்டின் வீச்சத்தை வைத்துத்தான். ஒரு படி ஏறினால் வீச்சம் பத்து மடங்கு, சக்தி ஏறக்குறைய 32 மடங்கு. 2004ஆம் ஆண்டு நம் கரைக்கு வந்த சுனாமி அலையையும் நினைத்துப் பாருங்கள். நடுக்கம் நடந்து இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு செய்மதி அளந்தபோது, ஆழ்கடலில் அதன் உயரம் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர்தான். ஆழம் குறையக் குறைய அலை வேகம் இழந்து உயர்ந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது மாலுமிகளின் வீச்சம். சூரியன் உதிக்கும் இடம் நேர்கிழக்கிலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கிறது என்பதைத்தான் கப்பலில் அம்பிளிடியூட் என்கிறார்கள். அதை வைத்துத் திசைகாட்டியின் பிழையைக் கண்டுபிடிப்பார்கள். நம் திருகோணமலையில் கோணேசர் கோயில் மலையில் நின்று பார்த்தால், மார்ச் 21 அளவில் அது பூச்சியம். ஜூன் கடைசியில் ஏறத்தாழ 24 பாகை வடக்கே, டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே. மகளை ஒரு விடியற்காலையில் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள், டியூசன் காசு மிச்சம்.

சரி, தொழிலுக்கு வருவோம். பொறியியல், ஒலிப்பதிவு, மருத்துவக் கருவிகள், கப்பல் துறை, கடலியல், புவியியற்பியல் எல்லாவற்றிலும் இந்த அளவைத்தான் தினமும் வாசிக்கிறார்கள். கடற்படையின் பயிற்சிக் கல்வியகம் நம் ஊரில் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் பிரயோக விஞ்ஞான பீடமும் இருக்கிறது. பொறியியலுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடம் கிளிநொச்சியில். எந்தக் கற்கைநெறிக்கு என்ன தகைமை என்பதை ஊர்ப்பேச்சில் கேட்காதீர்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைநூலின் புதிய பதிப்பைப் பாருங்கள்.

பொறியியல் பீடத்தில் ஆங்கிலத்தில்தான் படிப்பிப்பார்கள், தமிழில் படித்த பிள்ளை தடுமாறும் என்று பயப்படுகிறீர்கள். முதலில் கொஞ்சம் தடுமாறத்தான் செய்வாள். அதற்கு இப்போதே ஒரு கொப்பியில் மூன்று நிரல் போடச் சொல்லுங்கள்: நம் பாடநூல் சொல், வீடியோவில் வரும் சொல், ஆங்கிலச் சொல். பக்கத்தில் ஒரு சின்னப் படம், எங்கிருந்து எதுவரை என்று அம்புக்குறியோடு. விடைத்தாளில் மட்டும் பாடநூல் சொல்லையே எழுதட்டும். ஆங்கிலத்தில் மனனம் செய்ய வைக்கும் வகுப்புகளுக்கு இப்போது அனுப்பவேண்டாம்.

பிரிவு மாற்றுவதை ஒரு தவணை தள்ளிப்போடுங்கள். சொற்கள் தெளிந்த பிறகும் கணக்கோடு உட்கார அவளுக்கு மனமில்லை என்றால் அப்புறம் பேசலாம். கலைப் பிரிவு, தோற்றுப்போனவர்கள் ஒதுங்கும் மடம் இல்லை. பிடித்துப் போகிறவர்களுக்கு அது நல்ல வழிதான். அடுத்த முறை மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், இணைந்த கணித விடைத்தாளும் கையில் இருக்கட்டும்.