இரண்டு ஜிபியு கார்டு இருந்தும் குபர்நெட்டீஸ் பாட் 'பெண்டிங்'கில் நிற்பது பற்றி

வணக்கம். புதுச்சேரிக் கல்லூரி ஆய்வகச் சர்வரில் என்விடியா-எஸ்எம்ஐ (கார்டுகளின் நிலையைக் காட்டும் கட்டளை) இரண்டு ஜிபியு கார்டுகளையும் காட்டுகிறது, கன்டெய்னர்களை (பொதிந்த நிரல்களை) நிர்வகிக்கும் குபர்நெட்டீஸுக்கு ஜிபியுக்களைத் தெரிவிக்கும் டிவைஸ் பிளகினும் ஓடுகிறது, குபர்நெட்டீஸ் பாட் (கன்டெய்னர் தொகுப்பு) மட்டும் தொடங்காமல் 'பெண்டிங்'கிலேயே நிற்கிறது என்கிறீர்கள். அப்படியானால் டிரைவரில் குறையில்லை; தயவுசெய்து அதை மறுபடி நிறுவாதீர்கள்.

நோடு (அதாவது அந்தச் சர்வர்) விவரத்தில் 'அலோக்கேட்டபிள்' (ஒதுக்கத்தக்க வளங்கள்) பகுதியைப் பாருங்கள். ஜிபியு எண்ணிக்கை அங்கே இல்லையென்றால், கன்டெய்னர்களை இயக்கும் சேவையான கன்டெய்னர்டியின் இயல்பு ரன்டைமாக (அவற்றைத் தொடங்கும் நிரலாக) என்விடியா ரன்டைம் அமையவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். என்விடியா கன்டெய்னர் டூல்கிட்டின் கட்டளையாலேயே அதை மாற்றி, கன்டெய்னர்டியை மறுதொடக்கம் செய்யுங்கள். பிறகு பிளகின் பாடை நீக்குங்கள். அது டீமன்செட் (ஒவ்வொரு நோடிலும் ஒரு பாடை எப்போதும் ஓடவைக்கும் அமைப்பு) என்பதால் தானே புதிதாக எழும். பலரும் செய்ய மறக்கும் கட்டம் இதுதான்.

எண்ணிக்கை 2 வந்த பிறகும் நின்றால், ஜிபியுவைப் பாட் வரையறைக் கோப்பில் 'லிமிட்ஸ்' கீழே முழு எண்ணாகக் கேளுங்கள், 0.5 செல்லாது. மாணவர்களுக்குப் பகிர, ஒரே ஜிபியுவை முறைவைத்துத் தரும் டைம்-ஸ்லைசிங் உண்டு, ஆனால் அது நினைவகத்தைப் பிரித்துத் தராது. நோடு விவரத்தை இங்கே இடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.