ஆராய்ச்சி குறித்து வாசகர்கள் கேட்டவை

பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் நடக்கும் ஆராய்ச்சியைப் பற்றி நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த கடிதங்கள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

என் மகன் எம்.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு எண் கோட்பாட்டில் ஆராய்ச்சி செய்யப் போவதாகச் சொல்கிறான். வெறும் எண்களில் இன்னும் கண்டுபிடிக்க என்ன மிச்சம் இருக்கிறது? பி.எட். படித்தால் ஆசிரியர் வேலையாவது கிடைக்குமே என்பது என் கவலை.
*— ஒரு தாய், தென்காசி*

உங்கள் கவலை நியாயமானது. ஆனால் எண்களில் மிச்சம் ஒன்றும் இல்லை என்பது சரியன்று. எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்க எண்களின் கூட்டலாக எழுதிவிடலாம், ஒன்பது கன எண்களின் கூட்டலாக எழுதிவிடலாம், பத்தொன்பது நான்காம் படி எண்களின் கூட்டலாக எழுதிவிடலாம் என்று 1770இல் எட்வர்ட் வேரிங் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் நிரூபணம் எதுவும் தராமல் எழுதி வைத்தார். 23 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கன எண்கள் 1, 8 (2×2×2), 27 (3×3×3) என்று போகும். 27 அதைவிடப் பெரியதாகிவிடுவதால், 8, 1 ஆகிய கன எண்களைக் கொண்டே அதைக் கட்ட வேண்டும். இரண்டு 8, ஏழு 1 என்று சரியாக ஒன்பது தேவைப்படும். அதேபோல 79ஐ நான்காம் படி எண்களால் கட்டினால் நான்கு 16 (2×2×2×2), பதினைந்து 1 என்று பத்தொன்பது வேண்டும். இதுவரை பள்ளிப் பிள்ளையும் போட்டுப் பார்க்கலாம். ஆனால் எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் பத்தொன்பதுக்கு மேல் ஒருபோதும் தேவைப்படாது என்று எப்படிச் சொல்வது? கோடி கோடியாக எண்களைச் சோதித்தாலும் அடுத்த எண்ணைப் பற்றி அந்தச் சோதனை எதையும் உறுதி செய்யாது. அதற்கு நிரூபணம் ஒன்றுதான் வழி. நான்காம் படிக்கான அந்த நிரூபணம் 1986இல்தான், அதாவது 216 ஆண்டுகளுக்குப் பிறகு, முழுமை பெற்றது. அதைச் செய்த மூவரில் ஒருவர் நம் நாட்டு ஆர். பாலசுப்பிரமணியன், மற்ற இருவர் பிரெஞ்சுக்காரர்கள்.

இந்தக் கதையில் உங்கள் வட்டாரத்துக்கே ஒரு பெரும் பங்கு உண்டு. குற்றாலத்தை அடுத்த வல்லத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் எஸ். எஸ். பிள்ளை, தாயைச் சிறு வயதிலேயே இழந்து, வறுமையில் படித்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தபோது, உயர்ந்த படிகளுக்கு எத்தனை எண்கள் தேவைப்படும் என்ற கேள்வியில் 1936இல் பெரும் முன்னேற்றம் கண்டார். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் டிக்சன் என்பவரும் தனியாக அதே முடிவை எட்டினார். ஆறாம் படிக்கு 73 எண்கள் போதும் என்பதை 1940இல் நிறுவியவரும் பிள்ளைதான். 1950 ஆகஸ்டில், அமெரிக்காவில் கூடவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குப் புறப்பட்டவர், கெய்ரோவுக்கு அருகே விமான விபத்தில் மறைந்தார். ராமானுஜன் பெயரைத் தெரிந்து வைத்திருக்கும் நம் பிள்ளைகளில் பலருக்கு இவரைத் தெரியாது என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

மகனின் விருப்பத்தை வருமானத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. தேசிய உயர்கணித வாரியம் தேர்வு வைத்து ஆய்வு உதவித்தொகை வழங்குகிறது. சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும், சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்திலும் சேர்பவர்களுக்கு உதவித்தொகை உண்டு. உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் அனுப்பி வையுங்கள். கிடைக்காவிட்டால் பி.எட். படித்துக்கொண்டே மறுபடி எழுதட்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், கிருஷ்ணாபுரத்தில், புவிகாந்த ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. தலைநகரங்களை எல்லாம் விட்டுவிட்டு இதை ஏன் இங்கே வைத்தார்கள்?
*— பொறியியல் மாணவர், செய்துங்கநல்லூர்*

கிருஷ்ணாபுரத்துக்கு வருகிறவர்கள் வெங்கடாசலபதி கோயில் சிற்பங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் பக்கத்தையும் கவனித்திருப்பது மகிழ்ச்சி தருகிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் நிலநடுக்கோட்டு ஆய்வுக்கூடம் அது.

மேலும் கீழும் தடையின்றி ஆடும்படி ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டால், வட இந்தியாவில் அதன் வடமுனை தரையை நோக்கிச் சாயும். தெற்கே வர வரச் சாய்வு குறைந்துகொண்டே வந்து, நம் பகுதியில் ஏறத்தாழக் கிடைமட்டமாகிவிடும். அப்படிச் சாய்வே இல்லாத இடங்களை இணைக்கும் கோட்டைக் காந்த நடுக்கோடு என்பார்கள்; அது இந்தியாவின் தென்கோடி வழியாகச் செல்கிறது. விண்வெளி ஆராய்ச்சிக்காகத் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டு, 1963 நவம்பரில் அங்கிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டதற்கும் இந்தக் கோடுதான் காரணம்.

தலைக்கு மேலே ஏறத்தாழ 100 முதல் 110 கிலோமீட்டர் உயரத்தில், சூரியனின் புற ஊதாக் கதிர்கள் காற்றின் அணுக்களிலிருந்தும் மூலக்கூறுகளிலிருந்தும் எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுவதால், அந்த அடுக்கு மின்சாரத்தைக் கடத்தும் தன்மை பெறுகிறது. காந்தக் கோடுகள் கிடைமட்டமாக இருக்கும் இந்தப் பட்டையில் மட்டும் அந்தக் கடத்துதிறன் பன்மடங்கு கூடிவிடுகிறது. எனவே பகலில், பல நூறு கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு மின்னோட்டம் மேற்கிலிருந்து கிழக்காக நம் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கிறது. இரவில் அது அடங்கிவிடும்; சில பிற்பகல்களில் திசை மாறி மேற்கு நோக்கியும் ஓடும். கண்ணுக்குத் தெரியாத இந்த ஓட்டத்தை அளக்கும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. நம் ஊரில் பூமியின் காந்தப் புலம் ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா (காந்தப் புலத்தை அளக்கும் அலகு). அந்த மின்னோட்டம் அதில் கூட்டுவது சில பத்துகள் முதல் நூறு சொச்சம் வரைதான். சூரியப் புயலாலும் வேறு காரணங்களாலும் ஏற்படும் மாற்றங்கள் இதோடு கலந்து வரும். ஆகவே மும்பைக்குத் தெற்கே உள்ள அலிபாக் ஆய்வுக்கூடத்தின் அளவை எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஊர் மின்னோட்டப் பட்டைக்கு வெளியே இருப்பதால், பொதுவான மாற்றங்கள் இரண்டு இடங்களிலும் ஏறக்குறைய ஒன்றாகவும், இந்த ஓட்டத்தின் விளைவு நம்மிடம் மட்டும் கூடுதலாகவும் பதிவாகும். இரண்டு ஊர்களின் இரவு அளவை முதலில் நீக்கிவிட்டு, நம்முடையதிலிருந்து அலிபாக் அளவைக் கழித்தால், எஞ்சுவது மின்னோட்டத்தின் வலிமை. ஆராய்ச்சியில் எதை அளப்பது என்பதைவிட எதைக் கழிப்பது என்பதே கடினமான கேள்வி. பின்னால் வரும் கடிதங்களிலும் அது தலைகாட்டும்.

இடத்தேர்வு பற்றி ஒரு செய்தி: முன்பு பம்பாய்க் கொலாபாவில் இருந்த காந்த ஆய்வுக்கூடம், அங்கே டிராம் வண்டிகள் மின்சாரத்துக்கு மாறவிருந்த காரணத்தால்தான் 1904இல் அலிபாக்குக்கு இடம் பெயர்ந்தது. நகரச் சந்தடி இல்லாத ஊருக்கு அறிவியலில் மதிப்பு உண்டு.

மூன்றாம் வகுப்பு வந்தும் பாதிப் பிள்ளைகள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள். தாய்மொழிதானே, ஏன் இந்தத் தடுமாற்றம்? ஆராய்ச்சி ஏதும் வழி சொல்கிறதா?
*— பள்ளி ஆசிரியை, அம்பாசமுத்திரம்*

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என்று 247 எழுத்துகளைக் கற்கும் குழந்தையை, 26 எழுத்துகளைக் கற்கும் குழந்தையின் கால அளவால் மதிப்பிடக் கூடாது. கன்னடக் குழந்தைகளைப் பற்றி ஆய்வாளர் சோனாலி நாக் செய்த ஆய்வுகள், எழுத்துத் தொகுதியை முழுமையாகக் கைவரப் பெறுவது தொடக்கப் பள்ளியின் மேல் வகுப்புகள் வரை நீள்வதைக் காட்டின. கன்னடத்தின் கூட்டெழுத்துகள் தமிழில் இல்லையாயினும், கு, சு, டு, மு என்று உகரம் மெய்யைப் பொறுத்துப் பல வடிவங்கள் எடுக்கும் சிக்கல் நம்மிடம் உண்டு. 1978இன் எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, றா போன்றவற்றை எளிதாக்கியது. உகர வரிசையைத் தொடவில்லை. உங்கள் வகுப்பில் தடுமாற்றம் அந்த வரிசையில் குவிகிறதா என்று முதலில் பாருங்கள்.

இரண்டாவது காரணம் பேச்சு. ‘எங்க போறிய?’ என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளை, ‘எங்கே போகிறீர்கள்?’ என்பதைப் புத்தகத்தில் சந்திக்கும்போது எழுத்தோடு சேர்த்து நடையையும் புதிதாகக் கற்கிறது. அரபு மொழியிலும் இதே நிலை. அரபுக் குழந்தைகளுக்கு எழுத்து நடையிலான கதைகளைப் பல மாதங்கள் வாசித்துக் காட்டியபோது, அவர்களின் புரிதல், கதை கேட்காத பிள்ளைகளைவிடக் கூடியிருந்ததை 1993இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. நாளும் கால் மணி நேரம் ஏட்டுத் தமிழில் கதை வாசித்துக் காட்டுங்கள். இரண்டு பிரிவுகள் இருந்தால் ஒன்றில் மட்டும் ஒரு பருவம் செய்து, இரண்டையும் ஒரே பத்தியைப் படிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். அடுத்த பருவம் மற்றப் பிரிவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். எந்தப் பிரிவு முதலில் என்பதைத் திருவுளச் சீட்டு போட்டு முடிவு செய்யுங்கள். கெட்டிக்காரப் பிரிவை நாமே தேர்ந்தெடுத்துவிட்டால், கதையின் பலன் எது, அவர்கள் கெட்டிக்காரத்தனத்தின் பலன் எது என்று பிரிக்க முடியாது.

என் தாயார் பீடி சுற்றுகிறார். சர்க்கரை நோய் உண்டு. சிகிச்சைக்குப் போன இடத்தில் புது மருந்து ஆய்வில் சேரச் சொல்லிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். எந்த மருந்து யாருக்கு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வார்களாம். ஏழைகள் என்பதால் எங்களைச் சோதனைப் பொருளாக்குகிறார்களா?
*— கல்லூரி மாணவி, மேலப்பாளையம்*

குலுக்கல் என்ற சொல் அச்சமூட்டுவது இயல்பே. ஆனால் குலுக்கல் இல்லாத ஆய்வைக் கண்டுதான் அதிகம் அஞ்ச வேண்டும். புது மருந்தை யாருக்குக் கொடுப்பது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விட்டால், தேறக்கூடியவர்களுக்கே அவர் அதைக் கொடுத்துவிடலாம். பிறகு அந்த மருந்து உண்மையில் இல்லாத பெயரை எடுத்துவிடும்.

சென்னையில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்நாளில் காசநோயாளி என்றால் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். அங்கே இடம் கிடைப்பதோ அரிது. சென்னையின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றப் பகுதியினரை வீட்டிலும் வைத்து, ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். சானடோரியத்தில் நல்ல உணவு, ஓய்வு, செவிலியர் கவனிப்பு எல்லாம் இருந்தும், குணமடைந்தோர் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்று 1959இல் வெளிவந்த அறிக்கை காட்டியது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கும் தொற்று கூடுதலாகப் பரவவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பங்குண்டு. அதில் சேர்ந்தவர்களும் ஏழைகளே. ஆனால் அந்தக் கேள்வியே ஏழைகளுக்குத்தான் மிகவும் வேண்டியிருந்தது.

அதனால் கேட்டவுடன் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆய்வு விவரத் தாளைத் தமிழில் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துப் படியுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி உண்டா, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். 2009 முதல் மருந்து ஆய்வுகளுக்கு அந்தப் பதிவு கட்டாயம், இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஆய்வால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் 2019ஆம் ஆண்டின் விதிகள் வழி செய்கின்றன. உங்கள் தாயார் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். விலகினாலும் வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. இவற்றைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவர்களின் ஆய்வில் சேர வேண்டியதில்லை.

எனக்குச் சொந்தமாக ஒரு காற்றாலை உண்டு. ஒரு கல்லூரி ஆய்வுக் குழு அதன் பதிவுகளைக் கேட்கிறது. கொடுத்தால் எனக்கு என்ன லாபம்?
*— வாசகர், ராதாபுரம்*

லாபம் இருக்கலாம். காற்றிலுள்ள ஆற்றல் வேகத்தின் கனத்துக்கு, அதாவது மூன்றாம் படிக்கு, ஏற்பக் கூடுகிறது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு. நாள் முழுதும் நொடிக்கு 6 மீட்டர் வீசினாலும், பாதி நாள் 3, பாதி நாள் 9 என்று வீசினாலும் சராசரி ஒன்றுதான்; கனத்தைப் போட்டுப் பார்த்தால் முதல் கணக்கு 216, இரண்டாவது 378. மாதச் சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு பக்கத்து ஆலையோடு ஒப்பிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு பதிவு என்ற கணக்கில் இருந்தால், குறை இயந்திரத்திலா, முன்னால் நிற்கும் ஆலை காற்றை மறிக்கிறதா என்று திசைவாரியாகப் பிரித்துச் சொல்ல முடியும். முடிவை உங்களுக்கும் தர வேண்டும், பெயரை வெளியிடக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரையை வெளியிடுவதாக ஓர் ஆய்விதழ் மின்னஞ்சல் அனுப்புகிறது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்கிறார்கள். அனுப்பலாமா?
*— ஆய்வு மாணவர், பேட்டை*

வேண்டாம். ஆய்வேட்டை அளிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற நிபந்தனையைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள் கைவிட்டுவிட்டன. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கிறதா என்பதை ஆராய்ச்சிப் பிரிவில் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விதி இருந்தால், ‘சோத்கங்கா’ இணையக் களஞ்சியத்தில் உங்கள் துறையின் நல்ல ஆய்வேடுகள் சிலவற்றைத் திறந்து, அவை மேற்கோள் காட்டும் இதழ்களுக்கு அனுப்புங்கள். அங்கே கட்டுரையைப் படித்துக் குறை சொல்ல மாதக்கணக்காகும். அதற்கேற்ப இப்போதே எழுதத் தொடங்கிவிடுங்கள்.