விமானம் ஏறவில்லை, சரி, மலை ஏறுகிறீர்களே!

கேமரன் மலையில், ரிங்லெட்டில் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, மெர்டேகா விடுமுறைக்கு நாலு பேர் காரில் கிளம்பி, பெர்ஹென்தியான் தீவுக்கு டைவ் போடப் போகிறோம். மூன்று நாள். முதல் இரண்டு நாளும் மூன்று மூன்று டைவ். கடைசி நாள் காலையில் ஒன்று போட்டுவிட்டு, மதியப் படகில் கோல பெசுட் வந்து, குவா மூசாங், லோஜிங் வழியாக ராத்திரிக்குள் வீடு சேர்ந்துவிடலாம் என்று திட்டம். டைவ் முடித்து விமானம் ஏறுவதற்கு முன் காத்திருக்கச் சொல்கிறார்களே, விமானத்தில் போகாததால் அந்த 18 மணி நேரக் கணக்கு எங்களுக்கு இல்லைதானே? அப்புறம், கையில் இருக்கும் காசுக்கு முதலில் சிலிண்டரிலிருந்து மூச்சு விட உதவும் ரெகுலேட்டர் வாங்கலாமா, ஆழத்தையும் நேரத்தையும் வைத்துக் கணக்கு போடும் டைவ் கம்ப்யூட்டர் வாங்கலாமா?"

கணக்கு உங்களுக்கும் உண்டு தம்பி. ஆழத்தின் அழுத்தத்தில் நாம் மூச்சிழுக்கும் காற்றின் நைட்ரஜன் உடம்பில் கரைந்து சேர்கிறது, அது மெதுவாக வெளியேறும் முன் வெளி அழுத்தம் குறைந்தால் குமிழியாகலாம். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் பொதுவாக 1,800 முதல் 2,400 மீட்டர் வரை உயரமுள்ள மலையில் இருப்பதுபோலத்தான் வைக்கப்படுகிறது, ஆபத்து அந்தக் குறைந்த அழுத்தத்தில்தான் இருக்கிறதே தவிர இறக்கையில் இல்லை. டைவ் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க், சுருக்கமாக டான், சொல்லும் காத்திருப்பு நேரம் ஏறக்குறைய 600 மீட்டரிலிருந்து 2,400 மீட்டர் வரையிலான உயரத்துக்குப் பொருந்தும். ரிங்லெட் அதற்குள் வருகிறது. நீங்கள் வரும் வழி இன்னும் மோசம். கம்போங் ராஜாவிலிருந்து பிரிஞ்சாங் தாண்டித்தான் ரிங்லெட்டுக்கு இறங்க வேண்டும், அங்கே சாலை 1,500 மீட்டருக்கு மேல் போகிறது. வீடு இருக்கும் உயரத்தைப் பார்க்காதீர்கள், வழியில் எது உச்சமோ அதைப் பாருங்கள்.

டான் சொல்வது இவ்வளவுதான்: ஒரே ஒரு டைவ், அதுவும் டிகம்ப்ரஷன் நிறுத்தம் (நைட்ரஜன் வெளியேற, மேலேறும் வழியில் கட்டாயமாக நிற்பது) தேவைப்படாதது என்றால் குறைந்தது 12 மணி நேரம். ஒரு நாளில் பல டைவ், அல்லது தொடர்ந்து பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18. டிகம்ப்ரஷன் நிறுத்தம் போட வேண்டிவந்த டைவ் என்றால் 18-ஐ விட நன்றாகவே கூடுதலாக. உங்கள் திட்டத்துக்கு 18 என்பது அடித்தளம்தான், நான் 24 என்றே சொல்வேன்.

"சாலையில் ஐந்தாறு மணி நேரம் போகிறதே, அதற்குள் நைட்ரஜன் வெளியேறிவிடாதா" என்று அடுத்து கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், அதனால் கொஞ்சம் கணக்கு போடலாம். பெர்ஹென்தியானில் மூழ்கிய சுகர் ரெக் கப்பல் கிடக்கும் 18 மீட்டர் ஆழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மொத்த அழுத்தம் 2.8 பார், அதில் நைட்ரஜனின் பங்கு 2.2 பார் அளவு. கரையில் அது 0.79 பார். உடம்பின் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் நைட்ரஜனை இழுப்பதில்லை. 1908-இல் உடலியல் அறிஞர் ஹால்டேன் உடம்பை ஐந்து பகுதிகளாக, 5 முதல் 75 நிமிடம் வரையிலான அரை நேரங்களோடு (உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள நைட்ரஜன் வித்தியாசம் பாதியாகக் குறைய ஆகும் நேரம்), கற்பனை செய்து கணக்கு போட்டார். பிற்பாடு ஸூரிக்கில் பியூல்மான் என்ற மருத்துவர் அதைப் பதினாறாக விரித்தார் (சுவிட்சர்லாந்தின் மலை ஏரிகளில் முக்குளிப்பவர்களை மனதில் வைத்து வேலை செய்தவர் என்பதால் நம் கேள்விக்கு மிகவும் வேண்டியவர்). அவருடைய இசட்எச்எல்-16 கணக்கில் மிக மெதுவான பகுதியின் அரை நேரம் 635 நிமிடம். கொஞ்சம் வேகமான இன்னொன்றுக்கு 305 நிமிடம், அதாவது ஐந்து மணி நேரம். உங்கள் கார் பயணமும் ஏறக்குறைய அவ்வளவுதான்! அந்தப் பகுதியில் மிச்சமிருந்த கூடுதல் நைட்ரஜனில் பாதிதான் வழியில் போயிருக்கும்.

18 மீட்டரில் 50 நிமிடம் இருந்தால் இந்த 305 நிமிடப் பகுதிக்குள் ஏறுவது 0.15 பார் போலத்தான், பெரிதில்லை. ஆனால் நாளுக்கு மூன்று டைவ், ராத்திரி முழுக்கத் தூங்கினாலும் அதில் ஒரு பங்கு மறுநாளுக்கு மிச்சம், அதன்மேல் மறுநாள் கணக்கு, இப்படிச் சேர்ந்துகொண்டே போகும். இப்போது மலை. பிரிஞ்சாங் பக்கம் காற்றழுத்தம் 0.84 பார் சுற்று, நைட்ரஜன் 0.66 பார்தான். உடம்புக்குள் இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசம், காரில் சும்மா உட்கார்ந்திருந்தே 0.13 பார் கூடிவிட்டது. அந்த மெதுவான பகுதியைப் பொறுத்தவரை, கடைசி நேரத்தில் இன்னொரு டைவ் போட்டதற்குக் கிட்டத்தட்ட சமம். கரையில் கரைந்தபடியே இருந்திருக்கக்கூடிய நைட்ரஜன் குமிழியாவது இப்படித்தான்.

அதனால் திட்டத்தை மாற்றுங்கள். இரண்டாம் நாள் பிற்பகல் மூன்று, நாலு மணியோடு சிலிண்டரைக் கழற்றிவிடுங்கள். மூன்றாம் நாள் காலை மேலே மிதந்தபடி ஸ்நோர்கலிங், அதுவும் ஆழத்துக்கு மூச்சடக்கிக் குதிக்காமல். மதியப் படகைப் பிடித்தால் குவா மூசாங்கில் சாப்பிட்டு மலையேறத் தொடங்கும்போது 24 மணி நேரம் தாண்டியிருக்கும். இல்லை, கடைசி நாள் டைவை விட முடியாது என்று யாராவது அடம்பிடித்தால் அன்றிரவு குவா மூசாங்கில் அறை எடுத்துத் தங்குங்கள், அது தாழ்வான ஊர், மறுநாள் பகலில் ஏறலாம். ஒரு நாள் லீவு போகும். ஜெலி, கெரிக் வழியாகச் சுற்றினால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், அந்தச் சாலையும் மலையேறித்தான் வருகிறது. போகும்போது பயமில்லை; உயரத்தில் வாழும் உங்கள் உடம்பில் கடற்கரைக்காரரைவிட நைட்ரஜன் குறைவுதான், இறங்கிய அன்றே டைவ் போடலாம், தூங்காமல் ராத்திரி முழுக்க ஓட்டிய களைப்பு இல்லாவிட்டால்.

சாமான் விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டர், யோசிக்கவே வேண்டாம். நல்ல டைவ் சென்டரில் ரெகுலேட்டர் வாடகைக்குக் கிடைக்கும், அவர்களே பராமரிப்பார்கள். வருடத்துக்கு ஒரு தடவை கடல் பார்க்கும் நீங்கள் சொந்தமாக வாங்கினால் சர்வீஸ் செலவுதான் மிச்சம். டைவ் பயிற்சி தரும் பாடி (PADI) அமைப்பின் அட்டவணையில் 18 மீட்டருக்கு 56 நிமிடம், 30 மீட்டருக்கு 20 நிமிடம் என்று எல்லை இருக்கிறது, ஆனால் அட்டவணை நீங்கள் முழு நேரமும் அதிக ஆழத்திலேயே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளும், மூன்று நாளின் மிச்சத்தை நாம் கையால் சுமக்க வேண்டும். கம்ப்யூட்டர் அதைத் தானே செய்கிறது. ஆளுக்கு ஒன்று, பயணம் முழுக்க அதே ஒன்று. நண்பனுடையதைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது வேலைக்காகாது, அவன் இரண்டு மீட்டர் மேலே மிதந்திருப்பான். புதிதாக வாங்கும்போது ஆடம்பரம் தேவையில்லை: உயரத்தைக் கணக்கில் எடுக்கிறதா, நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்றுக் கலவை) வைக்கலாமா, பேட்டரியை நீங்களே மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பறக்கக் கூடாது என்று காட்டும் நேரத்தை மலையேறக் கூடாது என்றே படியுங்கள். அதுவும் நம் 24 மணியும் வேறுபட்டால் எது நீளமோ அது.

நைட்ராக்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் படகில் யாராவது ஆசை காட்டுவார்கள். 32 சதவீத ஆக்சிஜன் கலவையில் 18 மீட்டர் டைவ், நைட்ரஜன் கணக்கில் சாதாரணக் காற்றோடு 14 மீட்டரில் இருந்ததுபோல. நல்லதுதான், அதற்கான பயிற்சி முடித்திருந்தால், 33 மீட்டருக்குக் கீழே போகாமல் இருந்தால். காத்திருப்பு நேரத்தை மட்டும் அதைச் சொல்லிக் குறைக்காதீர்கள்.

மற்றபடி தெரிந்ததுதான்: நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக மேலேறாமல், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, தண்ணீர் நிறையக் குடித்து. ராத்திரி பீர் வேண்டாம், சொன்னால் கோபிப்பீர்கள்.

வீடு வந்தபிறகு தோள், முழங்கை மூட்டில் இனம் தெரியாத வலி, மரத்துப்போதல், தோலில் திட்டு, தலைசுற்றல், சிறுநீர் கழிக்கச் சிரமம் எது வந்தாலும் தைலம் தேய்த்துத் தூங்கப் போகாதீர்கள். 999-ஐ அழையுங்கள், தூய ஆக்சிஜன் கேளுங்கள், மல்லாந்து படுங்கள், டைவ் போட்டு வந்ததை முதல் வாக்கியத்திலேயே டாக்டரிடம் சொல்லுங்கள், தானாகக் கேட்க மாட்டார். அழுத்த அறை சிகிச்சை லூமுட் கடற்படைத் தளத்தில் இருக்கிறது. கீழே கொண்டுபோவதானால் தாப்பா சாலையில் இறக்கச் சொல்லுங்கள். சிம்பாங் பூலாய் பக்கம் போனால் முதலில் பிரிஞ்சாங் ஏற வேண்டிவரும்.