தண்ணியில்லாத காடா பார்சிலோனா?

அன்புள்ள சார்,

ஒன்பதாம் நூற்றாண்டுல பிராங்க் ராஜாக்களுக்காக பார்சிலோனா எல்லைய ஆண்ட கவுன்ட்கள்ங்கற அதிகாரிகள் பத்தி நீங்க எழுதினது படிச்சேன். ஒரு டவுட். பக்கத்துலயே ஸ்பெயின்ல ஆண்ட முஸ்லிம் ராஜா, கோர்டோபா எமிர், எப்ப வேணா படை வரலாம். அங்க போஸ்டிங்னா தண்ணியில்லாத காட்டுக்கு மாத்தின மாதிரிதானே? அதுக்குப் போய் பிராங்க் பிரபுக்கள் ஏன் இப்படி அடிச்சுக்கிட்டாங்க?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

நல்ல கேள்வி, ஆனா அது தண்ணி நிறைய இருக்கிற காடு. பிராங்க் பேரரசர் சார்லமேன் ஒரு ஆளுக்கு ஒரு கவுன்ட்டிக்கு (ஒரு கவுன்ட் ஆள்ற மாவட்டம்) மேல தரமாட்டாராம், எல்லைல இருக்கறவங்களுக்கு மட்டும்தான் விதிவிலக்குன்னு நோட்கர்ங்கற துறவி எழுதி வச்சிருக்கார். எல்லைக்குப் போனா நாலு கவுன்ட்டி சேர்த்துக் கெடைக்கலாம், கூடவே படையும். சும்மா விடுவாங்களா?

ஆனா அது சொத்து கிடையாது, ராஜா குடுக்கற பதவி, அவர் நினைச்சா பிடுங்கிடலாம். அதனால எல்லைக் கவுன்டுக்கு கோர்டோபாவ விட ஆகன்ல இருந்த பேரரசர் அரண்மனைலதான் பயம் ஜாஸ்தி. 801ல பார்சிலோனாவ பிடிச்சதும் முதல் கவுன்ட் ஆன பெரா கதிய பாருங்க, 820ல சனிலான்னு ஒருத்தன், அவனும் கோத் இனம்தான், பெரா துரோகின்னு புகார் குடுத்தான், ஆகன்ல ரெண்டு பேரும் குதிரை மேல ஏறி மோதுனாங்க, தோத்தவன் குற்றவாளி, அவ்ளோதான் விசாரணை. பெரா தோத்தான். சார்லமேனுக்கு அப்புறம் பேரரசர் ஆன அவர் மகன் லூயி, பெராவ கொல்லாம ரூவான் ஊருக்கு நாடு கடத்திட்டார்.

அப்புறம் 826ல பெர்னார்ட் பார்சிலோனா கவுன்டா வர்றான். அடுத்த வருஷமே கோர்டோபா படை பார்சிலோனாவ சுத்தி வளைச்சுது. உதவிக்கு வர வேண்டிய படைய கூட்டிட்டு வந்த ஹ்யூ, மாட்ஃப்ரிட்ங்கற பிராங்க் பிரபுக்கள் ரெண்டு பேரும் ஆடி அசைஞ்சு எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து சேர்ந்தாங்க. வேணும்னே லேட் பண்ணாங்கன்னுதான் எனக்குத் தோணுது. 828ல ரெண்டு பேர் பதவியும் போச்சு, 829ல பெர்னார்ட் அரண்மனைக்கே சேம்பர்லெய்ன், அதாவது அரண்மனை நிர்வாகி, ஆயிட்டான். இதுல ஹ்யூ யாருன்னா லூயியோட மூத்த மகன் லோத்தருக்கு மாமனார்! சும்மா இருப்பாரா. அடுத்த வருஷமே பெர்னார்டுக்கும் லூயியோட மகாராணி ஜூடித்துக்கும் தொடர்புன்னு கிளப்பிவிட்டு கலகம், பெர்னார்ட் பார்சிலோனாவுக்கு ஓடினான், மாட்டிக்கிட்ட அவன் சகோதரன் ஹெரிபர்ட்டோட கண்ண பிடுங்கிட்டாங்க. 834ல லோத்தர் பெர்னார்டோட சகோதரி கெர்பெர்காவ பீப்பாய்க்குள்ள அடைச்சு சோன் ஆத்துல போட்டான். கடைசில 844ல லூயியோட இன்னொரு மகன், ராஜா சார்லஸ் த பால்ட், பெர்னார்டயே கொன்னார்.

எனக்கு இதுல மறக்க முடியாதது பெர்னார்டோட பொண்டாட்டி துவோடா. ஊஸேஸ் ஊர்ல தனியா இருந்துக்கிட்டு, சார்லஸ் கிட்ட பிணையா இருந்த மூத்த மகன் வில்லியமுக்கு ஒரு புத்தகமே எழுதுறா. சின்னவன ஞானஸ்நானத்துக்கு முன்னாடியே தூக்கிட்டுப் போயிட்டாங்க, அவன் பேரு கூட அவளுக்குத் தெரியல. புருஷனோட எல்லை வேலைக்காக கிறிஸ்தவங்க கிட்டயும் யூதர்கள் கிட்டயும் ஏகப்பட்ட கடன் வாங்கியிருக்கேன், நான் செத்தப்புறம் பாக்கி இருந்தா நீ கட்டிடுப்பான்னு எழுதுறா.

அந்த வில்லியம் 848ல தந்திரமா பார்சிலோனாவ பிடிச்சான். 850ல அங்கயே அவனயும் கொன்னுட்டாங்க.