எந்த வேலையை எடுப்பது? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நீங்கள் எழுதும் ஆஸ்பத்திரிக் கதைகளை விடாமல் வாசிப்பவள் நான். ஊர் உப்புவெளி. தாதியியலில் நான்கு வருடப் பட்டம் முடித்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது, வேலை இல்லை. என்னோடு உயர்தரம் படித்த சிநேகிதி பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி காணாமல் தாதியர் கல்லூரிக்குப் போனாள். அவள் இப்போது வெள்ளை உடுப்போடு எங்கள் வீட்டைத் தாண்டித்தான் டியூட்டிக்குப் போகிறாள். நான் தரம் ஒன்பது பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்துக்கொண்டு இருக்கிறேன்.

டவுனில் ஒரு டொக்டரின் கிளினிக்கில் பின்னேரம் மட்டும் நிற்கக் கேட்கிறார்கள். கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறது. சம்பளம் குறைவு, இரண்டு வருட பொண்ட் (இடையில் விட்டால் காசு கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம்), ஒரிஜினல் சான்றிதழ்களையும் வாங்கி வைப்பார்களாம். இன்னொரு பக்கம் ஒரு ஏஜென்ட், பராமரிப்பாளர் விசாவில் இங்கிலாந்துக்கு அனுப்புகிறேன், முற்பணம் கட்டு என்கிறார். அம்மாவுக்கு மூன்றிலும் விருப்பமில்லை. “கவர்ன்மெண்ட் நியமனம் வரும், பொறு” என்கிறார். கொழும்புக்குத் தனியாக விட அவருக்குப் பயம். இதுவரை போன நேர்முகங்களில் எல்லாம் அனுபவம் இல்லை என்றே திருப்பி அனுப்பினார்கள். வேலை தராவிட்டால் அனுபவம் எங்கிருந்து வரும் அக்கா? சீ.வி.யையும் இணைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, திருகோணமலை

அன்புள்ள தங்கைக்கு,

ஏஜென்டின் கதையை முதலில் முடித்துவிடுவோம். காசு போகக்கூடிய இடம் அதுதான். வெளிநாட்டிலிருந்து பராமரிப்பாளர்களைப் புதிதாக எடுப்பதை இங்கிலாந்து 2025 ஜூலை 22 உடன் நிறுத்திவிட்டது. அதைச் சொல்லி இன்றைக்கும் முற்பணம் கேட்கிறவருக்கு ஒன்றில் விஷயம் தெரியாது, அல்லது நன்றாகத் தெரியும். இரண்டுமே உங்களுக்கு நல்லதல்ல. தாதியாகப் போகும் வழி இன்னும் திறந்திருக்கிறது. அதற்கு ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சையில் 7 (எழுத்துப் பகுதிக்கு மட்டும் 6.5 போதும்) அல்லது ஓஈடி என்ற மருத்துவத்துறை ஆங்கிலப் பரீட்சையில் சித்தி வேண்டும். பிறகு கணினியில் ஒரு பரீட்சை, கடைசியில் அங்கேயே போய்ச் செய்து காட்டும் ஓஸ்கி என்ற செய்முறைப் பரீட்சை. இதில் ஒன்றைக்கூட ஏஜென்ட் உங்களுக்காக எழுத முடியாது. யாராவது வெளிநாட்டு வேலை என்று வந்தால், காசைப் பற்றிப் பேச முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்து, அந்த ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்கக் காசு இல்லை.

சரி, சிநேகிதிக்கு வருவோம். கடிதத்தில் அவளுக்கு இரண்டு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள், ஆனால் நெஞ்சில் குத்துவது அவள்தான் என்று நினைக்கிறேன். அவள் போன வழியில் வேலை முன்பே கட்டப்பட்டிருக்கிறது. சுகாதார அமைச்சு வர்த்தமானியில் அறிவித்து, ஆளை எடுத்து, மூன்று வருடம் கொடுப்பனவும் கொடுத்துத் தனக்காகவே பயிற்றுகிறது. முடித்தவரை வெளியே விட்டால் நட்டம் அமைச்சுக்குத்தான். பல்கலைக்கழகம் அப்படி இல்லை. அது பட்டத்தைத் தரும், அதற்குப் பிறகு ஆட்சேர்ப்பு, நிதி அனுமதி, நேர்முகம் எல்லாம் வேறு மேசைகளில் நடக்கும். 2022 நெருக்கடிக்குப் பிறகு அரசாங்கம் புதிதாக ஆள் எடுப்பதென்றால் ஒவ்வொரு கதிரைக்கும் கணக்குப் பார்க்கிறது. உங்கள் பிந்துதலுக்குக் காரணம் இந்த அமைப்பு. படிப்பில் குறை இல்லை. அவளைக் கண்டால் ஒளியாதீர்கள். வாட்டில் இப்போது எந்த மருந்து ஓடுகிறது, பெட் ஹெட் டிக்கெட்டில் (நோயாளியின் சிகிச்சைக் குறிப்பில்) என்னென்ன எழுதச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். ஓசியில் கிடைக்கும் பயிற்சி.

நியமனம் வரும் என்று அம்மா சொல்வதும் பொய்யில்லை. வரலாம். அறிவிப்பு வந்த அன்றே விண்ணப்பியுங்கள், வயதெல்லையைப் பாருங்கள். ஆனால் அது நாடளாவிய சேவை. முதல் இடம் பொலன்னறுவையாகவும் இருக்கலாம், பதுளையாகவும் இருக்கலாம். “வீட்டோடு இருந்து கவர்ன்மெண்ட் வேலை” என்று அம்மா மனதில் வைத்திருக்கும் படம் அந்தக் கடிதத்தோடு வந்து சேரும் என்று யாரும் உறுதி தர முடியாது. (நான் தாதியாக மூதூருக்குப் போன காலத்தில் லாஞ்ச்சில்தான் போக வேண்டும். கடல் கொந்தளித்தால் டியூட்டி முடிந்தும் அங்கேயேதான். கிண்ணியாவுக்கும் 2009 இல் பாலம் திறக்கும்வரை பாதை என்ற மிதவையில் ஏறித்தான் போனோம். இப்போதைய பிள்ளைகளுக்கு இது கதை மாதிரி இருக்கும்.)

இன்னொன்றையும் யாராவது உங்கள் காதில் போடுவார்கள்: “ஆஸ்பத்திரியில் சும்மா தொண்டராக நில், பிறகு நிரந்தரமாக்குவார்கள்.” தொண்டர் ஆசிரியர்களும் சுகாதாரத் தொண்டர்களும் வருடக்கணக்காக நின்றுவிட்டு, நியமனம் கேட்டு வெயிலில் பந்தல் போட்டு இருந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். எழுத்தில் ஒன்றும் இல்லாமல் அப்படி நிற்காதீர்கள்.

இனி உங்கள் உண்மையான கேள்வி. கிளினிக்கா, கொழும்பா? என் பதில் கொழும்பு, ஆனால் அவர்கள் சொன்ன நிபந்தனையில் இல்லை.

முதல் வேலையில் சம்பளத்தைக் கடைசியாகப் பாருங்கள். இரண்டு வருடம் கழித்து வெளியேறும்போது உங்களுக்குத் தரப்போகும் அனுபவக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கும் என்பதை முதலில் பாருங்கள். துபாய், சவூதி, கட்டார் பக்கம் லைசன்ஸ் எடுக்கப் போனால் பெரும்பாலும் வேலை அனுபவம் கேட்பார்கள். அதுவும் நீங்கள் கொண்டுபோகும் கடதாசியை அப்படியே நம்ப மாட்டார்கள். டேட்டாஃப்ளோ என்று ஒரு சரிபார்ப்பு இருக்கிறது. பட்டத்தைப் பல்கலைக்கழகத்திடமும், பதிவைத் தாதியர் சபையிடமும், வேலையை வேலை தந்த இடத்திடமும் நேரே எழுதிக் கேட்பார்கள். இனி அந்த டவுன் கிளினிக்கை யோசித்துப் பாருங்கள். டொக்டர் நல்ல மனிதராகவே இருக்கட்டும். பின்னேரம் நான்கு மணித்தியாலம் பிரஷர் பார்த்து, ஊசி போட்டு, பில் எழுதி, கதவையும் பூட்டிவிட்டு வருவீர்கள். காசு கையில் தருவார்கள், சம்பளச் சிலிப் இருக்காது. மூன்று வருடம் கழித்து எங்கிருந்தோ ஒரு மின்னஞ்சல் வந்து, இவர் எந்த வாட்டில் எத்தனை கட்டிலுக்குப் பொறுப்பாக நின்றார் என்று கேட்டால் அவர் என்ன பதில் எழுதுவார்? பிழை அவருடையதில்லை. அங்கே வாட்டே இல்லையே.

கடிதத்தை விடவும் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. இரவு டியூட்டியில் ஒரு நோயாளியின் மூச்சு மாறுவதை, மொனிட்டர் கத்த முன்பே கண்டுபிடிக்கும் சீனியர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்தப் பார்வை பல்கலைக்கழகத்தில் கிடைக்காது, புத்தகத்திலும் இல்லை. முதல் வருடத்தில் உங்களுக்கு வேண்டியது அந்த ஆள். கிளினிக்கில் நீங்களே ஜூனியர், நீங்களே சீனியர். வேறு ஒன்றும் சரிவரும்வரை டியூஷனோடு சேர்த்துப் பின்னேரம் போய் வாருங்கள், கையாவது பழகும். அதற்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கொழும்பில் பேச வேண்டியவை இருக்கின்றன. சான்றிதழ்களின் ஒரிஜினலை யாரிடமும் விட்டு வராதீர்கள். நேர்முகத்தன்று காட்டுங்கள், உறுதிப்படுத்திய பிரதிகளைக் கொடுங்கள். நாளைக்கே அமைச்சின் நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் அந்த ஒரிஜினல்தான் கையில் இருக்க வேண்டும் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அப்படியும் மறுத்தால் அந்த இடம் வேண்டாம். இதில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். பொண்ட் என்பது வேறு கதை, அதில் பேரம் இருக்கிறது. இடையில் விட்டால் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, வேலை செய்த மாதங்களுக்கு ஏற்ப அது குறையுமா, அரசாங்க நியமனம் வந்தால் விடுவார்களா? மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். இரண்டு வருடம் நிற்கத்தான் போகிறீர்கள் என்றால் பொண்டைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை.

நியமனக் கடிதத்தில் பதவி என்ன என்று இரண்டு தரம் வாசியுங்கள். “ஸ்டாஃப் நேர்ஸ்” என்று இருக்க வேண்டும். “நேர்சிங் அசிஸ்டன்ட்” அல்லது “ட்ரெய்னி” என்று போட்டுவிட்டு அதே வேலையை வாங்கும் இடங்கள் உண்டு. அந்த வருடங்களைப் பிறகு யாரும் தாதியின் அனுபவமாக எண்ண மாட்டார்கள். ட்ரெய்னியாகத்தான் தொடங்க வேண்டும் என்றால் எத்தனை மாதம் என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். சேமலாப நிதி இலக்கத்தையும் கேளுங்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழியும், அவர்கள் 12 வீதம் போட வேண்டும், நம்பிக்கை நிதியத்துக்கு இன்னொரு 3. காசை விடுங்கள், நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

தாதியர் சபையில் பதிந்துவிட்டீர்களா? கடிதத்திலும் இல்லை, சீ.வி.யிலும் இல்லை. பதியவில்லை என்றால் மற்ற எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு அதை முடியுங்கள். பதிந்திருந்தால் பெயருக்குக் கீழே, முதல் வரியில் போடுங்கள்.

சீ.வி. என்று சொன்னதும்தான்: தங்கச்சி, அது கல்யாணத் தரகருக்குக் கொடுக்கும் குறிப்பு மாதிரி இருக்கிறது. பாடசாலை மாணவத் தலைவி, நடனப் போட்டிச் சான்றிதழ், அப்பாவின் தொழில் எல்லாம் இருக்கிறது. நான்கு வருடத்தில் எந்த வாட்டில் எத்தனை கிழமை நின்றீர்கள் என்பது ஒரு வரி கூட இல்லை. அனுபவம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள் என்கிறீர்கள். அனுபவம் இருப்பதாக நீங்கள் அவர்களுக்குச் சொல்லவே இல்லையே. மெடிக்கல், சர்ஜிக்கல், பிள்ளைகள் வாட், லேபர் ரூம், ஐசியு என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை கிழமை, மேற்பார்வையில் என்னென்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்: கனியூலா போட்டது, கதீட்டர், டிரெஸ்ஸிங், மருந்து ரவுண்ட். உங்கள் லொக் புக்கைத் திறந்தால் அரை நாளில் எழுதிவிடலாம். அப்பாவின் தொழிலை எடுத்துவிடுங்கள்.

மொழிகளையும் போடுங்கள். திருகோணமலையில் வளர்ந்த உங்களுக்குக் கொஞ்சமாவது சிங்களம் வரும். “கொஹெத ரிதென்னே?” (எங்கே நோகிறது?) என்று கேட்டு, வரும் பதிலும் விளங்கினால் வாட்டில் பாதிச் சமாளிப்பு முடிந்தது. கொழும்புத் தனியார் வைத்தியசாலைகளுக்கு நோயாளிகள் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் போகிறார்கள். அவர்களுடைய அம்மாக்களோடு தமிழில் பேச ஓர் ஆள் தேவை என்பது தாதியருக்குத் தலைவியான மேற்றனுக்கு நன்றாகத் தெரியும். கூச்சப்படாமல் எழுதுங்கள்.

நேர்முகத்தில் கணக்குக் கேட்பார்கள். அங்கே பலர் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். 500 மில்லிலீற்றர் சேலைன் 4 மணித்தியாலத்தில் ஏற வேண்டும், செட்டில் ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி. நிமிடத்துக்கு எத்தனை? 500 ஐ 20 ஆல் பெருக்கி 240 ஆல் பிரித்தால் 41.67, ஆக 42 துளி. பேனை எடுக்காமல் சொல்லும்வரை பழகுங்கள். அப்புறம், தெரியாத மருந்தைக் கேட்டால் ஊகித்துச் சொல்லாதீர்கள். “பார்த்துவிட்டு, சிஸ்டரிடம் உறுதிப்படுத்தித்தான் கொடுப்பேன்” என்று சொல்லுங்கள். மேற்றன்மார் கேட்க விரும்புவதே அந்தப் பதிலைத்தான்.

இதையெல்லாம் இப்போதே செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பட்டம் முடித்து வேலையில்லாமல் நீளும் இடைவெளியையும் வெளியில் கேட்கிறார்கள். இரண்டு வருடத்தைத் தாண்டினால் விளக்கம் சொல்லியே களைத்துவிடுவீர்கள்.

மிச்சம் அம்மா. அவரோடு வாதாட வேண்டாம், கூட்டிக்கொண்டு போங்கள். இரவு ரயிலில் இரண்டு பேருக்கும் இடம் போடுங்கள். நீங்கள் நேர்முகத்தில் இருக்கும்போது அவர் வெளியே காத்திருக்கட்டும், பிறகு தாதியர் ஹொஸ்டலைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இரவு டியூட்டி முடிந்து பிள்ளைகள் எப்படி வருகிறார்கள், வாகனம் இருக்கிறதா, கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று அம்மாவே வார்டனிடம் கேட்கட்டும். நீங்கள் கேட்க மறக்கும் நாலு கேள்வியை அவர் கேட்பார். அங்கே வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளை ஒருத்தியாவது இருப்பாள், அவளோடு அம்மாவைப் பேச விடுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ நோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் தனியார் வைத்தியசாலைகளுக்கு இதே சீ.வி.யை அனுப்புங்கள். இதே நிபந்தனைகளைத்தான் அங்கேயும் கேட்க வேண்டும்.

திருத்திய சீ.வி.யை அனுப்ப முன் எனக்கு ஒருமுறை காட்டுங்கள். நேர்முகத் தேதியையும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா