முதல்ல அந்தப் பழைய ரீடைத் தூக்கிப் போடுங்க

கேள்வி: ஸ்கூல் பேண்ட்ல கிளாரினெட் வாசிச்சேன், அப்புறம் விட்டுப்போச்சு. இப்ப 44 வயசு. பரண்ல கிடந்ததை எடுத்து யூட்யூப் பாத்து நானே கத்துக்கறேன். மேல போனாலே கீச்சுன்னு கத்துது, கரோக்கியோட சேரவே மாட்டேங்குது, பக்கத்து ஃபிளாட்ல முறைக்கிறாங்க. புதுசா ஒண்ணு வாங்கிட்டா சரியாகுமா, இல்ல இந்த வயசுல இதெல்லாம் வராதா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: வாங்காதீங்க. வயசையும் இழுக்காதீங்க, அது பாட்டுக்கு இருக்கு. அந்தக் கீச்சுல பாதி பரண் பண்ண வேலை, மீதி நீங்க பண்றது.

பரண் விஷயத்தை முதல்ல பாருங்க. மேல் பாதியை மட்டும் தனியா கழட்டி ஓட்டை எல்லாத்தையும் விரலால மூடி, அடிப்பக்கத்தை உள்ளங்கையால அடைச்சு, மேல் முனைல வாய வச்சு உறிஞ்சுங்க. நாக்கைப் புடிச்சு இழுத்துக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னா தேவலை. புஸ்ஸுன்னு காத்து போச்சுன்னா பேட், அதாவது கீக்கு அடியில ஓட்டையை மூடுற மெத்தை, காஞ்சிருக்கு, அதை மாத்தணும், அவ்ளோதான், உங்க ஊர் கல்யாண பேண்ட்காரங்க கிட்ட ரிப்பேருக்கு எங்க குடுக்கறாங்கன்னு கேட்டா சொல்லிடுவாங்க. ரீடு, அதான் வாய்க்கிட்ட மாட்டுற நாணல் சீவல், இன்னும் ஸ்கூல்ல வாங்குனதுதானே? தூக்கிப் போட்டுட்டு ரெண்டு இல்ல ரெண்டரை நம்பர்ல நாலஞ்சு வாங்கி மாத்தி மாத்தி வாசிங்க, நம்பர் ஏற ஏற ரீடு கெட்டியாகும். யூட்யூப்ல யாரோ மூணரை வச்சா டோன் பிரமாதம்னு சொல்லியிருப்பாங்க, அது அவங்க உதட்டுக்கு.

இப்ப உங்க கணக்கு. புல்லாங்குழல்ல அதே விரலை வச்சு அழுத்தி ஊதினா மேல் ஸ வரும், இதுல பின்னாடி கட்டைவிரலுக்கு இருக்கற ரெஜிஸ்டர் கீயை அமுக்கினா ஸ விரல்ல மேல் ஸ வராது, அதையும் தாண்டி மேல் ப வரும். அதனாலதான் நடுவுல ஒரு பள்ளம் இருக்கு, ஏ நோட்டுல ஒத்த விரல்தான், அடுத்து பி-க்கு போகணும்னா எட்டு விரல் ஒரே நேரத்துல மூடணும், அதுல ஒரு விரல் ஓட்டையோட ஓரத்துல நின்னாலும் கீச்சுதான். ஏ வாசிக்கும்போதே வலது கை விரல்களை மூடி வச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது, ஸ்ருதியும் பெருசா கெடாது. அந்த ரெண்டு நோட்டு மட்டும் போய் போய் வாங்க. பாட்டு இப்ப வேணாம். கீச்சு வந்ததும் பயந்து கீழ்ப்பல்லால ரீடைக் கடிப்பீங்க பாருங்க, அப்பதான் இன்னும் கத்தும்.

கரோக்கி சேராததுக்கு காரணம் சொல்லவே சிரிப்பா வருது. உங்க கையில இருக்கறது பி ஃபிளாட் கிளாரினெட்டாத்தான் இருக்கும், பேண்ட்ல அதான் குடுப்பாங்க. நீங்க சி-ன்னு விரல் வச்சா வெளிய வர்றது ஆறரை கட்டை, அதாவது பி ஃபிளாட். ஒரு கட்டை, அதாவது சி ஸ்ருதி பாட்டுக்கு நீங்க டி விரலை ஸ-வா வச்சுக்கணும். பேண்ட்ல எல்லாருக்கும் அவங்கவங்க வாத்தியத்துக்கு ஏத்த மாதிரி எழுதிக் குடுத்திருப்பாங்க, அதனால உங்களுக்கு இது தெரியாமலே போயிருக்கும்.

தானே கத்துக்கறது தப்பில்ல. ஆனா வாய் எப்படி வச்சிருக்கோம்னு நமக்கே தெரியாது, வீடியோவும் அதைப் பாத்து சொல்லாது, தெரிஞ்சவர் ஒருத்தர் ஒரு தடவை பாத்தா போதும். அதுவும் திருச்சில இருந்துக்கிட்டு! ஏ.கே.சி. நடராஜன் ஊர் சார் அது, இந்த பேண்ட் வாத்தியத்துல கர்நாடக சங்கீதம் வாசிச்சு 2008ல சங்கீத கலாநிதி வாங்கினவர். ரெக்கார்டிங்கை போட்டு அந்த கமகத்தைக் கேளுங்க, ஆனா உடனே அதை வாசிச்சுப் பாக்காதீங்க, ப்ளீஸ்.

பக்கத்து ஃபிளாட்டுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. அடியில துணி அடைச்சாலும் சத்தம் ஓட்டை வழியா வந்துக்கிட்டேதான் இருக்கும். அவங்க சீரியல் பாக்கற நேரமா பாத்து வாசிங்க.