வேட்டைக்கு அம்புகளை எதில் எடுத்துப் போவது: முதுகிலா, இடுப்பிலா, வில்லிலா?

மரபு வில்லோடு வேட்டைக்குப் போகும்போது அம்பறாத்தூணியை எங்கே மாட்டுவது என்பது உங்கள் கேள்வி. முதுகில் தொங்குவது பார்க்க அழகுதான். ஆனால் புதருக்குள் குனிந்தால் அம்புகள் சரிந்து விழும். நடக்கும்போது ஒன்றோடொன்று உரசிச் சலசலக்கும், முனையும் மழுங்கும். அப்புறம், தோளுக்கு மேல் கை போகும் அசைவை மான் சட்டென்று பார்த்துவிடும். இடுப்பில் கட்டுவது திறந்த வெளிக்குச் சரி, அடர்ந்த காட்டில் செடிகொடி மாட்டும்.

என் ஓட்டு வில்லிலேயே பொருத்தும் தூணிக்குத்தான். ஒவ்வொரு அம்பும் தனிப் பிடியில் இறுக நிற்பதால் சத்தம் வராது. பிளேடு போன்ற முனைகள் மூடிக்குள் இருக்கும். தடுக்கி விழுந்தாலும் உடம்பைக் கிழிக்காது. அடுத்த அம்பை எடுக்கக் கையை அதிகம் அசைக்கவும் வேண்டாம். என்ன, வில்லின் எடை கூடும், குறி சற்று மாறலாம். அதனால் பயிற்சியின்போதும் அம்புகளோடு தூணியை மாட்டிக்கொண்டே எய்யுங்கள்.